பயில்வான் கார்களின் கால் மைல் பந்தயம்

ஏற்காடு பாதையில் வேகம் காட்டத் துடிக்கும் வாலிபர்களுக்கு ஓர் உண்மைக் கதை

சனிக்கிழமை விடிந்தால் போதும். சேலத்தில் இருந்து ஏற்காடு போகும் பாதையில் வண்டிகள் வரிசை கட்டும்.

குழந்தை குட்டிகளோடு காரில் வருவோர் உண்டு. பஸ்சில் வருவோர் உண்டு. மோட்டார் சைக்கிளில் கூட்டமாக வரும் வாலிபர்களும் உண்டு.

அடிவாரத்தைத் தாண்டினால் சேர்வராயன் மலை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடந்து போனால், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,000 அடி உயரத்தில் ஏற்காடு.

மற்றவர்கள் மலையின் அழகைப் பார்ப்பார்கள். வாலிபர்களில் சிலருக்கோ, பாதையைக் கண்டதும் கை துறுதுறுக்கும்.

"யார் முதலில் மேலே போவது? பார்ப்போமா?"

இந்தக் கேள்வி நம் வாலிபர்களுக்கு மட்டும் தோன்றியது அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரத்தில், அமெரிக்க வாலிபர்களுக்கும் தோன்றியது. அவர்கள் ஊர்த் தெருவிலேயே பந்தயம் விட்டார்கள். விபத்துகள் நடந்தன. உயிர்கள் போயின.

"வேகத்தை ஒழிக்க முடியாது. வேகத்துக்கு என்று ஓர் இடம் கொடுக்கலாம்" என்று அங்கே சிலர் நினைத்தார்கள். அப்படி வளர்ந்ததுதான் "டிராக் ரேஸ்" என்னும் கால் மைல் பந்தயம்.

அது என்ன பந்தயம்?

மிகச் சுலபமான பந்தயம் இது. வளைவு கிடையாது. சுற்று கிடையாது. நேரான ஒரே பாதை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்கள் நிற்கும். விளக்கு எரிந்ததும் இரண்டும் பாயும். கோட்டை முதலில் தொட்டவர் ஜெயித்தவர்.

தூரம் கால் மைல். அதாவது 1,320 அடி. மீட்டரில் சொன்னால் 402.

நாம் நடந்து போனால் 5 நிமிடம் ஆகும். 1960-களில் வந்த வேகமான அமெரிக்கக் கார்கள் அந்தத் தூரத்தை 13, 14 வினாடியில் கடந்தன. கோட்டைத் தாண்டும்போது அவற்றின் வேகம் மணிக்கு 100 மைலை ஒட்டி இருக்கும். அதாவது 160 கிலோ மீட்டர்!

போர் விமானங்கள் போன இடத்தில்

நேரான நீண்ட பாதைக்கு எங்கே போவது? போர் முடிந்ததால், பல விமான ஓடுதளங்கள் சும்மா கிடந்தன. 1949-ம் ஆண்டிலும் 1950-ம் ஆண்டிலும் கலிபோர்னியா மாகாணத்தில் அப்படிப்பட்ட ஓடுதளங்களில் பந்தயங்கள் தொடங்கின.

வாலி பார்க்ஸ் என்பவர் கார் பிரியர்களுக்கான ஒரு பத்திரிகையின் ஆசிரியர். அவர் 1951-ம் ஆண்டில் ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். தேசிய ஹாட் ராட் சங்கம் என்று அதற்குப் பெயர். தெருவில் ஓட்டும் வாலிபர்களை மைதானத்துக்கு அழைத்து வருவதே நோக்கம்.

1954-ம் ஆண்டில் சங்கத்தின் ஆட்கள் ஒரு காரில் கிளம்பினார்கள். பின்னால் ஒரு டிரெய்லர் வண்டி. அதில் பந்தயத்துக்கு வேண்டிய கருவிகள். ஊர் ஊராகப் போனார்கள். "பந்தயத்தைப் பத்திரமாக நடத்துவது எப்படி?" என்று கற்றுக் கொடுத்தார்கள்.

தலைக்கவசம் உண்டா? பெல்ட் உண்டா? பிரேக் பிடிக்கிறதா? இவற்றைப் பார்த்த பிறகுதான் காரை உள்ளே விடுவார்கள். வாலிபர்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். காரணம், தெருவில் ஜெயித்தால் போலீசுக்குப் பயந்து ஓட வேண்டும். மைதானத்தில் ஜெயித்தால் கைதட்டல் கிடைக்கும்!

பயில்வான் கார் பிறந்தது

முதலில் வாலிபர்கள் பழைய கார்களை வாங்கி, தாங்களே பிரித்து மாட்டி வேகம் ஏற்றினார்கள். கார் கம்பெனிகள் இதைக் கவனித்தன. "இவர்கள் வீட்டுக் கொட்டகையில் செய்வதை நாமே தொழிற்சாலையில் செய்து விற்றால் என்ன?" என்று யோசித்தன.

ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெரிய கம்பெனியின் ஒரு பிரிவு பான்டியாக். அதன் தலைமை என்ஜினீயர் ஜான் டெலோரியன். நடுத்தர அளவு காரில் மிகப் பெரிய என்ஜினை வைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை அங்கே பிறந்தது.

ஆனால் அதற்குத் தடை இருந்தது. நடுத்தரக் காரில் 5.4 லிட்டருக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது என்பது கம்பெனியின் விதி. டெலோரியன் குழுவினர் ஒரு தந்திரம் செய்தார்கள். புதிய கார் என்று சொன்னால்தானே விதி குறுக்கே வரும்? வழக்கமான காரை வாங்குவோர் விருப்பப்பட்டால் சேர்த்துக் கொள்ளும் கூடுதல் வசதி என்று சொல்லி, 6.4 லிட்டர் என்ஜினை வைத்து விட்டார்கள்!

அதுதான் 1964-ம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. கார். சக்தி 325 குதிரைச் சக்தி. 5,000 கார் விற்றால் பெரிது என்று கம்பெனி நினைத்தது. முதல் ஆண்டிலேயே 32,000-க்கு மேல் விற்றது.

நம் ஊர் அம்பாசடர் காரை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து அம்பாசடரின் என்ஜின் ஒன்றரை லிட்டர். சக்தி சுமார் 50 குதிரைச் சக்தி. ஆறு அம்பாசடரின் பலம் அந்த ஒரே காரில் இருந்தது.

இப்படிப்பட்ட கார்களுக்கு "மஸில் கார்" என்று பெயர் வந்தது. மஸில் என்றால் தசை. நாம் "பயில்வான் கார்" என்று சொல்லலாம்.

மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? அதே 1964-ம் ஆண்டில் போர்டு கம்பெனி "தண்டர்போல்ட்" என்ற காரைச் செய்தது. 7 லிட்டர் என்ஜின். கால் மைல் பந்தயத்துக்கு என்றே செய்த கார் அது. எடையைக் குறைக்க ரேடியோவைக்கூட வைக்கவில்லை. சுமார் 100 கார்களே செய்தார்கள்.

இந்தக் கூத்து 10 ஆண்டுகள் நடந்தது. பிறகு இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. புகைக் கட்டுப்பாடு வந்தது. 1973-ம் ஆண்டில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்த பயில்வான்கள் படுத்து விட்டார்கள்.

இரண்டு நாள் திருவிழா

அந்தப் பழைய பயில்வான்களுக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. மிச்சிகன் மாகாணத்தில் ஸ்டான்டன் என்ற ஊர் இருக்கிறது. தொழிற்சாலையில் இருந்து வந்த மாதிரியே இருக்கும் பழைய மஸில் கார்களுக்கு மட்டும் அங்கே ஒரு பந்தயம் 1990-களில் தொடங்கியது.

அதில் ஒரு கண்டிப்பு. புதிய வகை டயர் போட்டு ஏமாற்றக் கூடாது. என்ஜினை மாற்றக் கூடாது. அந்தக் காலத்தில் கம்பெனி கொடுத்தது எதுவோ, அதுதான் ஓட வேண்டும்.

முதல் நாள் ஒத்திகை. காரைப் பரிசோதிப்பார்கள். ஒவ்வொருவரும் ஓட்டிப் பார்ப்பார்கள். மறுநாள் நேரம் குறிப்பார்கள். யாருக்கும் யாருக்கும் நேரம் மிக நெருங்கி இருக்கிறதோ, அவர்களை ஜோடி சேர்ப்பார்கள். மூன்று ஓட்டத்தில் இரண்டு ஜெயித்தவருக்கு வெற்றி.

இதனால் பெரிய காருக்கும் சின்ன காருக்கும் சண்டை இல்லை. சம பலம் உள்ளவர்களே மோதுகிறார்கள். பார்ப்பவர்களுக்கும் சுவாரசியம். தாத்தா ஓட்டுவார். மகன் என்ஜினைத் துடைப்பார். பேரன் கைதட்டுவான்.

பச்சை விளக்கு

ஓட்டம் தொடங்குவதைப் பார்ப்பதே தனி வேடிக்கை. முதலில் பின் சக்கரங்களை நின்ற இடத்திலேயே சுழற்றுவார்கள். ரப்பர் சூடேறும். புகை மண்டும். சூடான ரப்பர் தரையை நன்றாகப் பற்றிக்கொள்ளும்.

பிறகு கார் கோட்டுக்கு வரும். எதிரே ஒரு விளக்குக் கம்பம். அதற்குக் "கிறிஸ்துமஸ் மரம்" என்று பெயர். 1963-ம் ஆண்டில் வந்தது. அதற்கு முன்பு ஒருவர் நின்று கொடி அசைப்பார்.

மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். அடுத்தது பச்சை. பாய வேண்டியதுதான்! பச்சைக்கு முன்பே கிளம்பினால் சிவப்பு எரியும். ஆட்டம் முடிந்தது. எவ்வளவு வேகமான காராக இருந்தாலும் தோல்விதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கார் ஓடிய நேரம் வேறு. ஓட்டுபவர் கிளம்ப எடுத்துக்கொண்ட நேரம் வேறு.

ஒருவர் பச்சை எரிந்து அரை வினாடி கழித்துக் கிளம்புகிறார். 13.4 வினாடியில் ஓடுகிறார். மொத்தம் 13.9 ஆகிறது. இன்னொருவர் விழிப்பாக இருந்து, பத்தில் ஒரு வினாடியில் கிளம்புகிறார். 13.6 வினாடியில் ஓடுகிறார். மொத்தம் 13.7. மெதுவான கார் ஜெயித்து விட்டது!

ஆகவே பலம் மட்டும் போதாது. பொறுமையும் கவனமும் வேண்டும். ஷெர்லி மல்டவுனி என்ற பெண்மணி இதில் ஆண்களை எல்லாம் தோற்கடித்தார். மிக வேகமான பிரிவில் 1977, 1980, 1982 ஆகிய மூன்று ஆண்டுகள் அவரே சாம்பியன்.

ஏற்காட்டைவிட உயரத்தில்

"மலையில் இந்தப் பந்தயம் நடத்த முடியாதா?" என்று கேட்கலாம். நடந்திருக்கிறது.

கொலராடோ மாகாணத்தில், டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில் மலை ஓரமாக ஒரு மைதானம் இருந்தது. பெயர் பேண்டிமியர். உயரம் சுமார் 5,800 அடி. நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் அதிகம். 1958-ம் ஆண்டில் தொடங்கி 2023-ம் ஆண்டு வரை அங்கே கால் மைல் பந்தயம் நடந்தது.

அங்கே வந்த பயில்வான்களுக்கு மூச்சு வாங்கியது. உண்மையாகவே! உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் சக்தியும் குறையும். 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் குறைவதாக வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால், சாதாரண என்ஜினில் 100 குதிரைச் சக்தி இருந்தால், ஏற்காடு உயரத்தில் 85 மிஞ்சும். பழைய வண்டிகளில் மலை ஏறும்போது, "இழுக்க மாட்டேன் என்கிறதே" என்று சொல்வது இதனால்தான். ஏற்றமும் ஒரு காரணம். காற்றும் ஒரு காரணம்.

பேண்டிமியர் இருந்தது மலையில். ஆனாலும் அது மூடிய மைதானம். நேரான பாதை. எதிரே வண்டி வராது. இதைக் கவனிக்க வேண்டும்.

வளைவுகள் நிறைந்த மலைப் பாதையில் பந்தயம் நடப்பதும் உண்டு. அதே கொலராடோவில் பைக்ஸ் சிகரத்தில் 1916-ம் ஆண்டில் அப்படி ஒரு பந்தயம் தொடங்கியது. 156 வளைவுகள். அதிலும் பாதையை மூடி விடுவார்கள். ஒவ்வொரு வண்டியாகத்தான் அனுப்புவார்கள். கடிகாரத்தோடுதான் போட்டி, பக்கத்து வண்டியோடு அல்ல.

நிற்பதற்கும் இடம் வேண்டும்

கால் மைல் பந்தயத்துக்குக் கால் மைல் பாதை போதுமா? போதாது!

மணிக்கு 160 கிலோ மீட்டர் வேகத்தில் கோட்டைத் தாண்டிய கார், ஒரு வினாடிக்கு 44 மீட்டர் போகிறது. அதை நிறுத்த வேண்டாமா? ஓடிய தூரத்தைவிட அதிகமான தூரத்தை, நிற்பதற்கு என்றே விட்டிருப்பார்கள்.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. இது எல்லா வண்டிக்கும் பொருந்தும் கணக்கு.

எல்லாப் பாதுகாப்பும் இருந்தும் ஆபத்து வருவது உண்டு. 2008-ம் ஆண்டில் ஸ்காட் கலிட்டா என்ற பிரபல வீரர், கோட்டைத் தாண்டிய பிறகு காரை நிறுத்த முடியாமல் உயிர் இழந்தார். அதன் பிறகு, மிக வேகமான கார்களுக்குத் தூரத்தையே 1,320 அடியில் இருந்து 1,000 அடியாகக் குறைத்து விட்டார்கள். நிற்க இடம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்பதற்காக!

சோழவரம் நினைவிருக்கிறதா?

அமெரிக்காவில் நடந்தது போலவே நம் ஊரிலும் நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் இருந்தது. 1953-ம் ஆண்டில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. அந்த ஓடுதளத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள்.

பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயப் பாதை அமைந்தது. 1990-ம் ஆண்டில் திறந்தார்கள். கோவை அருகே செட்டிப்பாளையத்தில் இன்னொரு பாதை இருக்கிறது. கார் பந்தய வீரர் கரிவர்தன் பெயரால் அமைந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் தேசிய டிராக் பந்தயமும் நடந்திருக்கிறது. அதில் மோட்டார் சைக்கிள்களுக்கே முதல் இடம். பெங்களூர் வீரர் ஹேமந்த் முத்தப்பா பலமுறை ஜெயித்துத் தேசியச் சாம்பியன் ஆனவர். கால் மைலுக்கு இடம் போதாதபோது தூரத்தைக் குறைத்து நடத்துவார்கள். ஆனால் நிற்கும் இடத்தைக் குறைக்க மாட்டார்கள்.

அமெரிக்கப் பயில்வான் நம் நாட்டுக்கும் வந்தது. போர்டு மஸ்டாங் கார் 2016-ம் ஆண்டில் இங்கே விற்பனைக்கு வந்தது. 5 லிட்டர் என்ஜின். விலை சுமார் 65 லட்சம் ரூபாய்! அப்போது மறைமலைநகரில் போர்டு தொழிற்சாலை இருந்தது. ஆனாலும் மஸ்டாங் கப்பலில்தான் வந்தது.

நம் ஊர் பயில்வான்

நடுத்தர வர்க்கத்து வாலிபனுக்கு அந்த விலை எட்டுமா? அவனுக்கு வேறு ஒரு பயில்வான் இருந்தது. 1983-ம் ஆண்டில் வந்த ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள். ஜப்பானின் யமகா கம்பெனி வடிவமைத்தது. சக்தி சுமார் 30 குதிரைச் சக்தி. அன்றைய இந்திய வண்டிகளுக்கு நடுவே அது சிங்கம்.

ஆனால் அதில் ஒரு குறை. ஜப்பானில் செய்த வண்டியில் முன்பக்கம் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே செய்த வண்டியில் அதற்குப் பதில் சாதாரண டிரம் பிரேக் வைத்தார்கள். பாயும் வேகத்துக்கு ஏற்ற பிரேக் இல்லை. அமெரிக்கப் பயில்வான் கார்கள் பலவற்றிலும் இதே கதைதான். பலம் சிங்கத்துடையது, பிரேக் ஆட்டுக்குட்டியுடையது!

மலைப் பாதையில் என்ன நடக்கும்?

இப்போது அந்த 325 குதிரைச் சக்திக் காரை ஏற்காடு அடிவாரத்தில் கொண்டு வந்து நிறுத்துங்கள். என்ன செய்யும்?

வேகம் எடுப்பதற்குள் வளைவு வந்து விடும். பிரேக் பிடிக்க வேண்டும். மறுபடி கிளம்பினால் அடுத்த வளைவு. பயில்வானின் பலம் அங்கே பயன்படாது. மேலே போய்ச் சேரும்போது, நிதானமாக வந்த குடும்பக் காரைவிடச் சில நிமிடங்கள் மிச்சமாகலாம். அவ்வளவுதான்.

ஆபத்து மட்டும் முழுதாக இருக்கும். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள், ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் போய்விடும். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப வேண்டுமானால் பாதை முழுவதும் அதற்கு வேண்டும். வளைவுக்கு அப்பால் பஸ் வருகிறதா, குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? மழை நாளில் பனிமூட்டமும் சேர்ந்து கொள்ளும்.

இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ, அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்களின் பாடம். கியரை விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பினால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். பாதை குறுகிய இடத்தில், ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இது சாலை விதி.

பெற்றோர் கவனத்துக்கு

அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் பொதுப் பாதையில் பந்தயம் விடுவது குற்றம். 2019-ம் ஆண்டில் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, முதல் முறை பிடிபட்டால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் ஓராண்டு வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கே 3 ஆண்டு வரை ஜெயிலும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

வேகத்தில் ஆசை வைப்பது பாவம் அல்ல. அந்த ஆசை உள்ள பையனை வைது பயன் இல்லை. பந்தயப் பாதைக்கு அழைத்துப் போங்கள். தலைக்கவசத்தோடும் பரிசோதித்த வண்டியோடும் வீரர்கள் ஓட்டுவதைப் பார்க்கட்டும். முறையாகப் பயிற்சி எடுத்து, லைசென்சு வாங்கி ஓட்ட விரும்பினால் ஓட்டட்டும். உண்மையான வீரன், பச்சை விளக்கு எரியும் வரை பொறுமையாக நிற்கிறான். கோட்டைத் தாண்டியதும் நிறுத்தத் தெரிந்து வைத்திருக்கிறான்.

ஏற்காடு எங்கும் ஓடிப் போகாது. காப்பித் தோட்டமும் ஏரியும் சேர்வராயன் கோவிலும் அங்கேயேதான் இருக்கும். அரை மணி நேரம் தாமதமாகப் போனாலும் அவை காத்திருக்கும். வீட்டில் அம்மாவும் அப்பாவும் காத்திருப்பார்கள். அவர்களுக்காக 20 வளைவுகளிலும் நிதானமாகத் திரும்புங்கள்!